வண்டி பேச வேண்டாம்

கொச்சியில் மூன்று நான்கு நாள் தங்கும் குடும்பம் ஒரு பகலை வெளியூரில் கழிக்க நினைத்தால், விடுதி வரவேற்பறையில் இருப்பவர் முதல் உறவினர்களின் வாட்ஸ்அப் குழு வரை எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "பேசாமல் ஒரு வண்டி பேசிவிடுங்கள்." கைக்குழந்தை, முழங்கால் வலியோடு பாட்டி, சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறி, படகு மாறி, மறுபடி ரயில் பிடித்து அலைய முடியுமா? காலையில் விடுதி வாசலில் ஏறினால் ஆலப்புழை. அங்கே படகு வீட்டில் சாப்பாட்டோடு ஒரு சுற்று. மாலையில் அதே வண்டியில் திரும்பிவிடலாம். ரயிலும் அரசுப் படகும் முதுகுப் பை மாட்டிய இளவட்டங்களுக்கு. குடும்பத்துக்கு டெம்போ டிராவலர்தான் என்பது இன்று மறுபேச்சில்லாத நடைமுறை அறிவாகிவிட்டது.

இந்த அறிவு தலைகீழானது. குழந்தையும் முதியவரும் உடன் வரும் நாளில்தான் வண்டியைத் தவிர்க்க வேண்டும். எர்ணாகுளத்திலிருந்து அதற்கான வழி ஒரு முக்கோணமாக அமைந்திருக்கிறது. காலையில் கடலோரப் பாதையில் ஆலப்புழைக்கு ரயில், சுமார் 57 கிலோமீட்டர். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து கோட்டயத்துக்கு அரசுப் படகு, சுமார் இரண்டரை மணி நேரம். கோட்டயத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு மறுபடி ரயில், சுமார் 60 கிலோமீட்டர். போன வழியில் திரும்ப வேண்டியதில்லை; இருட்டிய சற்று நேரத்தில் விடுதிக்கு வந்துவிடலாம்.

வண்டிக்காக வாதாடுபவர்களின் முதல் ஆயுதம் சௌகரியம். அதை அவர்கள் அளக்கும் விதத்திலேயே கோளாறு இருக்கிறது. எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்பதை மட்டும் எண்ணுகிறார்கள். எத்தனை மணி நேரம் கால் நீட்ட முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ரயிலிலிருந்து இறங்கி ஆட்டோ ஏறுவது தண்டனையாகத் தெரியாது. வேனின் பின் இருக்கையில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பதுதான் தண்டனை. அரை மணிக்கு ஒரு தரம் வாந்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "எப்போ வரும்?" என்ற கேள்வி, நடுவில் பாட்டிக்குக் கழிப்பறை தேடி ஒவ்வொரு ஹோட்டலாக நின்று பார்ப்பது என்று குடும்பச் சுற்றுலாக்களை நாசமாக்கும் சங்கடங்களில் பாதி சாலையில் பிறந்தவை. ரயிலில் பாட்டி எழுந்து நாலு அடி நடக்கலாம். பிள்ளை ஜன்னல் மாறி ஜன்னலுக்குப் போகலாம். ஓட்டுநர் எங்கே சாப்பிட நிறுத்துகிறாரோ அங்கேதான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சாலை வேகமானது என்ற எண்ணம் அடுத்தது. வரைபடத்தில் அது உண்மைதான். ஆனால் கொச்சியிலிருந்து தெற்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 66-இல் வரைபடத்தை நம்பி ஓட்ட முடியாது. அரூருக்கும் துறவூருக்கும் இடையே 12.75 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைப் பணி தொடங்கியதிலிருந்து அந்தத் துண்டு அந்த வட்டாரத்து மக்களுக்கே தீராத தலைவலி. பாலம் முழுதாகத் திறந்துவிட்டால் நெரிசல் குறையலாம். அப்போதும் விடுமுறை நாள் மாலையில் ஆலப்புழையிலிருந்து கொச்சி திரும்பும் வண்டிகளின் வரிசை எங்கும் மறைந்துவிடப் போவதில்லை. ரயில் தாமதமாவதும் உண்டு. அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

காயலைப் பார்க்கப் படகு வீடுதான் வழி என்பது மூன்றாவது நம்பிக்கை. மூன்றில் இதுதான் ஆழமாக வேரோடியிருக்கிறது. படகு வீட்டின் மூலம் கெட்டுவள்ளம். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் கட்டிச் செய்து, ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டு நெல்லை ஏற்றி இறக்கிய சரக்குப் படகு அது. 1990-களில் சுற்றுலாத் தொழில் அதற்குப் படுக்கையறை கட்டிக் கூரை வேய்ந்தது. இன்று ஆலப்புழையைச் சுற்றி நூற்றுக்கணக்கில் அவை ஓடுகின்றன. பகல் சவாரிக்கே ஆயிரங்களில் வாடகை. அந்த ஆயிரங்களுக்குக் கிடைப்பது என்ன? முன்னால் ஒரு படகு வீடு, பின்னால் ஒரு படகு வீடு, பக்கத்துப் படகு வீட்டிலிருந்து சினிமாப் பாட்டு. இரவு தங்குபவர்களுக்கும் படகு இரவெல்லாம் மிதந்து போவதில்லை. மாலை ஐந்தரை வாக்கில் கரையோரம் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் அதற்கு மேல் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். படகு வீடுகளின் எண்ணெய்க் கசிவும் கழிவும் காயலை என்ன செய்கின்றன என்பது கேரளத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் விவாதம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002-இல் இடம்பெற்ற காயல் இது.

அரசுப் படகு காட்டுவது வேறு. கேரள நீர்ப்போக்குவரத்துத் துறை 1968-இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் ஆலப்புழையில் இருக்கிறது. அதன் படகுகள் சுற்றுலாவுக்காக ஓடவில்லை. சாலை எட்டாத தீவுகளிலும் வரப்புகளிலும் வாழ்பவர்களுக்கு அதுதான் டவுன் பஸ். ஆலப்புழை படகுத்துறையில் புறப்பட்டு, கால்வாய் வழியே புன்னமடைக்கு வந்து, காயலின் அகன்ற பரப்பில் இறங்கும்போது படகில் பள்ளிப் பிள்ளைகள், காய்கறி மூட்டை, கேஸ் சிலிண்டர், மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் பெரியவர் எல்லோரும் இருப்பார்கள்.

பிள்ளைகளைக் கட்டிப்போடும் காட்சி படகின் முன்பக்கத்தில் இருக்கிறது. பழைய மரப் படகுகளில் சக்கரத்தைப் பிடித்து நிற்கும் சாரங்கிடம் எஞ்சின் இருக்காது. அது நடுவில் ஒரு குழியில், வேறொருவர் கையில் உறுமிக்கொண்டிருக்கும். சாரங்கு தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுப்பார். எஞ்சின் பக்கத்தில் மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டு டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பின்னோக்கி ஓட்டுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருவரும் சேர்ந்து நூறு பேரை ஏற்றும் படகை ஒரு சின்னத் துறையில் உரசாமல் கொண்டுவந்து நிறுத்துவார்கள். படகு முழுதாக நிற்பதற்குள் லாஸ்கர் என்ற படகு ஊழியர் கயிற்றோடு துறையில் குதித்து மரத்தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். இரண்டு பேர் ஏறுவார்கள், ஒருவர் இறங்குவார், மணி மறுபடி அடிக்கும். இரண்டரை மணி நேரமும் இந்த நாடகம் நடந்துகொண்டே இருக்கும். இதைப் பார்க்கும் பிள்ளை கைபேசி கேட்காது.

பெரியவர்களுக்கான காட்சி படகுக்கு வெளியே. குட்டநாட்டில் வயல் தண்ணீருக்கு மேலே இருப்பதில்லை. படகில் உட்கார்ந்து பார்த்தால் தென்னை வரிசை நிற்கும் வரப்பு கண் மட்டத்தில் தெரியும். அதற்கு அப்பால் நெல் வயல் படகைவிடத் தாழ்வாகக் கிடக்கும். கடல் மட்டத்துக்கும் கீழே நடக்கும் விவசாயம் இது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் இதை உலக வேளாண் மரபுச் சின்னமாக ஏற்றது. ஜோசப் முரிக்கன் 1940-களில் காயலின் ஒரு பகுதிக்கு அணை கட்டி, தண்ணீரை இறைத்து உருவாக்கிய சித்திரை, மார்த்தாண்டம் காயல் நிலங்களும் இந்தப் பக்கம்தான். தஞ்சாவூர்ப் பாட்டிக்கு இதைக் காட்டினால், பாட்டி வழிகாட்டியின் விளக்கத்துக்குக் காத்திருக்க மாட்டார். தண்ணீரை எப்படி வெளியே தள்ளுகிறார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கத் தொடங்கிவிடுவார். படகு வீட்டில் அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் கிடையாது.

இது ஏழைகளின் வழி, முக்கியமானவர்கள் இப்படிப் போக மாட்டார்கள் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், 1952 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். பிரதமர் நேரு அன்று கோட்டயத்திலிருந்து ஆலப்புழைக்கு இந்தக் காயல் வழியாகத்தான் படகில் வந்தார். அவரை வரவேற்க நடந்த படகுப் பந்தயத்தில் நடுபாகம் என்ற சுண்டன் வள்ளம் (பாம்புப் படகு) வென்றது. உற்சாகத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகளை மறந்து நேரு அந்த வள்ளத்திலேயே ஏறிக்கொண்டார். பின்னர் அவர் அனுப்பிய வெள்ளிக் கோப்பைதான் ஆண்டுதோறும் புன்னமடையில் நடக்கும் நேரு கோப்பைப் பந்தயத்தின் தொடக்கம். அந்தப் பந்தயத் தடத்தைத் தொட்டுத்தான் அரசுப் படகு போகிறது.

இனிப் பாதுகாப்பு. வண்டிக்கட்சியின் வலுவான வாதம் இதுதான். இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. கேரள நீர்வழிகளின் வரலாற்றில் துயரங்கள் உண்டு. கவிஞர் குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் பல்லனையில் கவிழ்ந்த படகில்தான் இறந்தார். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அது நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். அரசுப் படகு என்றாலே ஆபத்தில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் இந்த விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிவது என்ன? எல்லாவற்றிலும் அளவுக்கு மீறிய ஆட்கள் ஏறியிருந்தார்கள். தேக்கடியும் தானூரும் தினசரிப் போக்குவரத்துப் படகுகள் அல்ல, உல்லாசப் படகுகள். "தண்ணீர் பயம், அதனால் வண்டியில் ஆலப்புழை போய் படகு வீட்டில் ஏறுகிறோம்" என்பவர் எந்தத் தண்ணீரைத் தவிர்த்துவிட்டார்? சாலையைப் பொறுத்தவரை, 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் காட்டுகிறது. சாலையில் போகிறவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லைதான். ஆனாலும் படகு என்றதும் பதறுகிற அதே குடும்பம் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் நெடுஞ்சாலையில் நூறில் பறப்பதற்குப் பதறுவதில்லை என்பதும் உண்மை. செய்ய வேண்டியது எளிது: கூட்டம் நெரியும் படகை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள், உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று ஏறியவுடன் பாருங்கள், காட்சிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். ஆடி மழை கொட்டும் நாளில் போகாதீர்கள்.

மறுதரப்பில் இன்னொரு நியாயமான கேள்வியும் உண்டு. உள்ளூர் மக்களின் படகில் சுற்றுலாக்காரர்கள் போய் இடத்தை அடைத்துக்கொள்ளலாமா? காலையில் பள்ளி, அலுவலக நேரத்திலும் மாலையில் வேலை விட்டுத் திரும்பும் நேரத்திலும் கூடாது. முற்பகல் படகு இரண்டு தரப்புக்கும் நல்லது. உட்கார இடம் கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் பாதிக் காயல் கடந்துவிடும். அந்த நேரத்தில் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் துறைக்கு வருமானம். பயணிகள் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இந்த நடுப்பகல் சேவைகள்தான்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எர்ணாகுளம்–ஆலப்புழைப் பாதை 1989-இல் திறந்தது. அதில் பெரும்பகுதி இன்னும் ஒற்றைத் தடம். எதிர் ரயிலுக்காகச் சாதாரண ரயிலை ஒரு சின்ன நிலையத்தில் நிறுத்திவைப்பது அங்கே அன்றாடம். கோட்டயம் வழித் தடமோ 2022 மே மாதத்தோடு முழுமையாக இரட்டைத் தடமாகிவிட்டது; ரயில்களும் அதிகம். எனவே தாமதமாகக்கூடிய பாதையைக் காலையில் வைத்துக்கொள்வதே புத்தி. கும்பளத்துக்கும் அரூருக்கும் இடையே காயல் மேல் போகும் பாலத்தைக் காலை வெளிச்சத்தில் பார்த்ததாகவும் ஆகும். மாலையில் எல்லோரும் களைத்திருக்கும்போது, ஒன்று போனால் இன்னொன்று வரும் கோட்டயம் பாதை துணைக்கு இருக்கும். மாற்றி வைத்துக்கொண்டு அல்லல்பட்டவர்கள் ரயிலைத் திட்டுவார்கள், குற்றம் திட்டத்தில்.

இடையில் சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றன. ஆலப்புழை ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம். படகுத்துறை ஊருக்குள், பஸ் நிலையத்தை ஒட்டி. நான்கு கிலோமீட்டர் அளவில் ஆட்டோ பிடிக்க வேண்டும். படகில் கழிப்பறையை நம்ப வேண்டாம்; துறைக்கு வருமுன்பே முடித்துக்கொள்வது நல்லது. கோட்டயத்தை நெருங்கும்போது கால்வாயின் குறுக்கே தூக்குப் பாலங்கள் வரும். படகு ஹாரன் அடித்தால் பாலத்தின் நடுத்துண்டு மேலே எழும்பும். சைக்கிள்காரர்கள் இரண்டு பக்கமும் காத்து நிற்பார்கள். பாலம் பழுதானாலோ ஆகாயத்தாமரை அடைத்தாலோ படகு கோட்டயத்தின் கோடிமதைத் துறை வரை போகாமல் அதற்கு முன்னால் உள்ள காஞ்ஞிரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. அங்கிருந்து கோட்டயத்துக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக்கொள்ளலாம். புறப்படும் முன் ஆலப்புழைத் துறையில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நேரு கோப்பைப் பந்தய நாளில் மட்டும் ஆலப்புழைப் பக்கமே தலைவைக்காமல் இருப்பது உத்தமம்.

இரண்டரை மணி நேரப் படகு கைக்குழந்தைக்கு அதிகம் என்று நினைப்பவர்களுக்கும் வண்டி ஒன்றே கதியில்லை. சேர்த்தலை வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் தவணக்கடவு போனால் வைக்கத்துக்குப் படகு இருக்கிறது. இந்தியாவின் முதல் சூரிய ஒளிப் பயணிகள் படகான 'ஆதித்யா' 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது இந்தத் துறையில்தான். 75 பேர் அமரலாம். டீசல் புகையும் எஞ்சின் இரைச்சலும் இல்லை. அக்கரையில் இறங்கினால் 1924-இல் சத்தியாக்கிரகம் தொடங்கிய வைக்கம். பெரியார் சிறை சென்ற ஊர். தமிழக அரசு புதுப்பித்த அவரது நினைவகம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் மனப்பாடம் செய்த ஊரைப் பிள்ளைகள் தண்ணீர் வழியே போய்ச் சேர்வார்கள். அதுவும் முடியாதவர்களுக்கு நகருக்குள்ளேயே 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ இருக்கிறது. நீர்மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை மேடையிலிருந்து சக்கர நாற்காலியை நேராகப் படகுக்குள் தள்ளிப் போகலாம். முழங்கால் வலிக்காரர்களைக் காட்டிப் படகை மறுப்பவர்கள் அந்த மேடையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

வண்டிக்கட்சியின் பக்கம் ஒரே ஒரு நியாயம் மிஞ்சுகிறது: ரயிலையும் படகையும் யாரும் சேர்த்துத் தருவதில்லை. வியன்னாவில் ஆஸ்திரிய ரயில்வே ஒரு கூட்டுச் சீட்டு விற்கிறது. மெல்க் வரை ரயில், அங்கிருந்து கிரெம்ஸ் வரை டான்யூப் ஆற்றில் படகு, கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கு மறுபடி ரயில். மெல்க் மடாலயத்தின் நுழைவுக் கட்டணமும் அதிலேயே அடக்கம். எர்ணாகுளம்–ஆலப்புழை–கோட்டயம் முக்கோணம் அதற்கு அச்சு அசலான இணை. ஆனால் இங்கே ரயில்வேயின் அட்டவணைக்கும் படகுத் துறையின் அட்டவணைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இரண்டையும் ஒரே பலகையில், தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி எர்ணாகுளம் நிலைய வாசலில் வைத்தாலே பாதிக் குடும்பங்கள் வண்டி பேசாது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு நெடுஞ்சாலையை மட்டும் அகலப்படுத்திக்கொண்டே போவது, பயணிகளைக் கையைப் பிடித்து வண்டிக்குள் ஏற்றுவதற்குச் சமம்.

கூட்டுச் சீட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்பதிவில்லா ரயில் டிக்கெட்டில் ஐந்து வயதுக்குக் கீழே கட்டணமில்லை, பன்னிரண்டு வரை அரை டிக்கெட். படகுக் கட்டணம் ஆளுக்கு முப்பது ரூபாய் அளவில்தான். இரண்டு ரயில், ஒரு படகு, இரண்டு மூன்று ஆட்டோ எல்லாம் சேர்த்து நால்வர் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் தாண்டாது. அடுத்த முறை கொச்சியில் யாராவது "வண்டி சொல்லட்டுமா?" என்று கேட்டால், ஆலப்புழைக்குக் காலையில் எந்த ரயில், கோட்டயத்துக்கு முற்பகலில் எந்தப் படகு என்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள்.